1978, 1994, 1997, 2013 கலிஃபோர்னியா சிவப்பு ஒயின்: எதை இப்போது திறப்பது, எதை எங்கே கிடத்தி வைப்பது?

லிவர்மோர்வாசி

வணக்கம். ஒரே இடத்திலிருந்து மொத்தமாகக் கைக்கு வந்த பாட்டில்கள். இதற்கு முன் எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. எல்லாம் 750 மி.லி.

1978 பி.வி. (போலியூ வினியார்ட்) ஜார்ஜ் த லத்தூர் பிரைவேட் ரிசர்வ் ஒன்று. 1994 ரிட்ஜ் மான்டே பெல்லோ இரண்டு. 1997 நாப்பா கேபர்நே மூன்று, பள்ளத்தாக்கின் சமதளத்துப் பழம், லேபிளில் 14.5% என்றிருக்கிறது. 2001 சொனோமா ஜின்ஃபண்டெல் இரண்டு. 2013 ஹவல் மவுன்டன் கேபர்நே ஆறு. 2020 நாப்பா கேபர்நே ஒன்று. (கேபர்நே, ஜின்ஃபண்டெல் இரண்டும் சிவப்புத் திராட்சை வகைகள்.)

திறக்காமலே எது உயிரோடு இருக்கிறது என்று கணிக்க முடியுமா? 1978-ஐ எப்படித் திறப்பது, டிகேன்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடி ஜாடி) ஊற்றலாமா? 2013-ஐ இன்னும் பத்து வருஷம் வைக்க எண்ணம். வீட்டில் நிலவறை கிடையாது. கராஜ் உண்டு, கோடையில் உள்ளே 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே ஒரு ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டால் போதுமா?

வண்டல்

லேபிளில் உள்ள ஆண்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள்.

நிற்க வைத்து, ஒயின் மட்டம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1994, 1997 இரண்டிலும் மட்டம் கழுத்துக்குள், அல்லது கழுத்து முடியும் இடத்தில் இருக்க வேண்டும். 1978-இல் தோளின் மேல்விளிம்பு வரை இறங்கியிருந்தாலும் அது வயசுக்கு ஏற்ற இறக்கம்தான். நடுத்தோள் என்றால் சூதாட்டம். அதற்கும் கீழே போயிருந்தால் அலமாரியில் அழகுக்கு வைக்கலாம், அவ்வளவுதான். இளம் ஒயினில் மட்டம் குறைந்திருப்பதுதான் இன்னும் மோசமான அறிகுறி. உங்கள் ஆறு 2013-ஐ வரிசையாக நிறுத்துங்கள். ஒன்று மட்டும் ஒரு செ.மீ. கீழே நின்றால் அதன் தக்கை சரியில்லை, அதை முதலில் குடித்துவிடுங்கள். ஆறுமே இறங்கியிருந்தால் சூடு பட்டிருக்கிறது.

சூடு ஏன் மட்டத்தை இறக்குகிறது? 13 டிகிரியில் இருக்கும் 750 மி.லி. ஒயினை 35 டிகிரிக்குக் கொண்டுபோனால் 4, 5 மி.லி. அளவுக்கு விரியும். பாட்டில் கழுத்தின் உள்விட்டம் 18.5 மி.மீ. தக்கைக்கும் ஒயினுக்கும் நடுவே ஒன்றரை செ.மீ. இடைவெளி என்றால் அங்கே இருப்பதே 4 மி.லி. காற்றுதான். அந்தக் காற்று நசுங்கி, ஒயினைத் தக்கையின் ஓரமாக வெளியே தள்ளும், இல்லையென்றால் தக்கையையே மேலே தூக்கும். இரவு குளிர்ந்ததும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒரு கோடை முழுக்க இதே மூச்சு விட்டு இழுத்தால் என்ன மிஞ்சும்?

ஆகவே அடுத்து மூடித் தகட்டைப் பாருங்கள். விரலால் திருப்பினால் சுற்ற வேண்டும். ஒட்டிப்போய்ச் சுற்றாமல் இருந்தால் உள்ளே கசிந்து காய்ந்திருக்கலாம். ஆனால் சில தயாரிப்பாளர்கள் தகட்டை இறுக்கமாகவே போடுவார்கள், மெழுகு வைப்பவர்களும் உண்டு, எனவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். தகட்டின் உச்சி புடைத்துத் தக்கை மேலே வந்திருந்தால் அது வெப்பம், சந்தேகமே இல்லை.

கடைசியாக நிறம். இருட்டில், கழுத்துக்குப் பின்னால் டார்ச் பிடியுங்கள். 1978 செங்கல் நிறமாக, ஓரத்தில் ஆரஞ்சு படர்ந்து, ஆனால் தெளிந்து தெரிந்தால் நல்ல சேதி. பால் விடாத டீ மாதிரி முழுக்கப் பழுப்பென்றால் காற்று தின்றுவிட்டது. 1994 இன்னும் மாதுளைச் சிவப்பைக் காட்ட வேண்டும்.

மூடுபனிக்கோடு

வண்டல் சொன்ன சோதனையில் தேறியவற்றுக்கு மட்டும் இது பொருந்தும்.

1978 பி.வி. அந்த வரிசை 1936 அறுவடையில் தொடங்கியது, அமெரிக்க ஓக் பீப்பாயில் வளர்ந்தது. அந்தக் காலத்து நாப்பா கேபர்நே பெரும்பாலும் 12, 13% ஆல்கஹால்தான். பழத்தை 23, 24 பிரிக்ஸிலேயே (சர்க்கரை அளவு) பறித்தார்கள், அதனால் புளிப்பு நின்றது. புளிப்பு நின்றால் பி.எச். தாழ்வாக இருக்கும், அப்போது ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்ஃபர் டையாக்சைடு அதே அளவிலேயே கூடுதலாக வேலை செய்யும். பாட்டில் நாற்பது வருஷம் தாங்குவதற்கு டானின் (துவர்ப்புப் பொருள்) ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று, இதைத்தான் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். 1978 வெப்பமான, பழுத்த ஆண்டு. நன்றாக வைத்திருந்தால் இப்போது சிடார், புகையிலை, காய்ந்த செர்ரி, மட்கிய இலை. இதற்குமேல் ஏறாது. இந்த வருஷமே குடியுங்கள்.

லேபிளில் 12.5% என்று இருந்தால் அதை எழுத்துக்கு எழுத்து நம்பாதீர்கள். அமெரிக்க விதிப்படி 14%-க்கு மேற்படாத ஒயினில் ஒன்றரைப் புள்ளி முன்னேபின்னே இருக்கலாம், 14%-ஐத் தாண்டியதில் ஒரு புள்ளி. உங்கள் 1997-இன் 14.5 உண்மையில் 15.5 வரை போயிருக்கலாம்.

1994 மான்டே பெல்லோதான் இந்தக் குவியலின் மாணிக்கம். சான்டா குரூஸ் மலையில் 2,000 அடியைத் தாண்டி ஏறும் தோட்டம், அடியில் சுண்ணாம்புப் பாறை, குளிர்ந்த இடம். இந்த ஒயின் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்குக் கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. 1976 மே 24 பாரிஸ் சுவைப்போட்டியில் 1971 மான்டே பெல்லோ சிவப்புகளில் ஐந்தாவது, முதலிடம் 1973 ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ். அதே ஒயின்களை 30 வருஷம் கழித்து 2006-இல் மறுபடி சுவைத்தபோது மான்டே பெல்லோ முதலிடத்துக்கு வந்தது. உங்களிடம் இரண்டு பாட்டில் இருப்பதால் ஒன்றை இப்போது திறந்து பார்த்து, மற்றதை அதன் நிலைமையை வைத்து முடிவு செய்யுங்கள்.

1997 வெளிவந்தபோது தூக்கிவைத்துக் கொண்டாடிய ஆண்டு. பழுத்த, கொழுத்த ஒயின்கள். அதே காரணத்தால் பலதும் சீக்கிரம் தளர்ந்துவிட்டன. பழச்சுவை வற்றியதும் ஆல்கஹாலின் எரிச்சல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அத்தனை ஆரவாரம் இல்லாமல் வந்த 1991 இன்று பல வீடுகளில் 1997-ஐவிட நன்றாக இருக்கிறது. மூன்றையும் இனி வைக்காதீர்கள்.

2001 ஜின்ஃபண்டெல்: நாளைக்கே. பெட்டிட் சிரா, கரின்யான் திராட்சைகளும் கலந்த பழங்கொடித் தோட்டத்துப் பழமாக இருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு.

2013 வறட்சி ஆண்டு. ஹவல் மவுன்டன் எல்லையே 1,400 அடியில்தான் தொடங்குகிறது. பள்ளத்தாக்கை மூடும் பனிமூட்டத்துக்கு மேலே இருக்கும் இடம். எரிமலைச் சாம்பல் மண், சின்னப் பழம், தடித்த தோல். டானின் இன்னும் பல்லில் ஒட்டும். பத்து வருஷத் திட்டம் நியாயமானது. ஆறையும் சேர்த்து வைக்காமல் மூன்று வருஷத்துக்கு ஒன்றாகத் திறந்தால் எப்போது உச்சம் என்று நாக்கே சொல்லும்.

2020-ஐ வைப்பதில் பொருளே இல்லை. அது காட்டுத்தீ ஆண்டு: ஆகஸ்டில் மின்னலால் பற்றிய தீ, செப்டம்பர் 27-இல் தொடங்கிய, கிளாஸ் என்று பேரிட்ட தீ. புகை பட்ட திராட்சையில், புகைவாடை தரும் குவாயகால் வகைச் சேர்மங்கள் சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்திருக்கும். அந்த நிலையில் மணமே தெரியாது. பாட்டிலில் நாளாக ஆக அவை கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும், வாய் எச்சிலிலும் விடுபடும். அதனால்தான் முதல் மடக்கில் ஒன்றும் தெரியாமல், விழுங்கிய பிறகு சாம்பல் கிண்ணத்தை நக்கிய மாதிரி இருக்கிறது. அந்த ஆண்டு பல தயாரிப்பாளர்கள் சிவப்பு ஒயினே வெளியிடவில்லை. வெளியிட்டவர்களில் தீக்கு முன்பே பறித்தவர்களும் உண்டு. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

லிவர்மோர்வாசி

இருவருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன். 1978 மட்டம் தோளின் மேல்விளிம்பு, நிறம் செங்கல், தெளிவாக இருக்கிறது. 1994 இரண்டும் கழுத்துக்குள். 1997-இல் ஒன்றின் தகடு புடைத்திருக்கிறது. 2013 ஆறும் ஒரே மட்டம். 1978-இன் தக்கையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

வண்டல்

பயம் நியாயம்தான். ஆனால் கருவி சரியாக இருந்தால் பத்துக்கு எட்டு முழுசாக வந்துவிடும்.

பாட்டிலை மூன்று நாள் முன்பே செங்குத்தாக நிறுத்துங்கள். காரில் கொண்டுவந்ததென்றால் ஒரு வாரம். பழைய கேபர்நேயின் வண்டல் காப்பித்தூள் போல மிக நைசானது, ஒரு குலுக்கலில் கலங்கினால் மறுபடி தெளிய நாளாகும். அந்த வண்டல் வேறொன்றுமில்லை, டானினும் நிறப்பொருளும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக் கனமாகி அடியில் விழுந்தவை. துவர்ப்பு குறைவதும் நிறம் வெளுப்பதும் அதனால்தான்.

தகட்டைக் கழுத்து வரை முழுசாக அறுத்து எடுத்துவிடுங்கள். 1978 என்பதால் அது ஈயத் தகடாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் ஈய மூடியைச் சட்டப்படி நிறுத்தியதே 1996-இல்தான். பாட்டில் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பை ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள், தக்கையை எடுத்த பிறகு வாயின் உள்விளிம்பையும் துடையுங்கள். மேலே கருப்பாகப் பூஞ்சை இருந்தால் கவலை இல்லை, அது வெளியில் உள்ளது.

ஹோட்டல் பணியாளர் பையில் இருக்கும் சாதாரணத் திருகியைத் தொடாதீர்கள். பழைய தக்கை 5 செ.மீ. நீளம், அதன் சுருள் அடிவரை போகாது. பாதியில் முறியும். இரட்டை அலகுள்ள, ஆ-சோ என்ற தக்கை எடுக்கும் கருவி வேண்டும். நீள அலகை முதலில் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து, பிறகு குட்டை அலகு, இரண்டையும் மாற்றி மாற்றி ஆட்டியபடி இறக்கி, திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். தக்கை தளர்ந்திருந்தால் அலகு அழுத்தும்போதே உள்ளே விழுந்துவிடும் ஆபத்து உண்டு. அதற்கு வழி, முதலில் நீளச் சுருளைத் தக்கையின் நடுவே இறக்கி நிறுத்திவிட்டு, அதன் இருபுறமும் அலகுகளை இறக்குவது. டியூராண்ட் என்ற கருவி இந்த இரண்டையும் சேர்த்ததுதான். விலை கூடுதல், ஆனால் இந்த வயசுப் பாட்டில் மாதம் ஒன்று திறப்பவர்களுக்குத் தேவை.

பொடிந்தே போனால் பதற வேண்டாம். மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டு, எவர்சில்வர் டீ வடிகட்டி மேல் வெந்நீரில் அலசிய மல்துணியை விரித்து வடியுங்கள். சோப்பு வாசம் இல்லாத துணி என்பது முக்கியம். காப்பி வடிக்கும் காகிதம் ஒயினில் காகிதச் சுவையை ஏற்றும்.

இறுப்பது எப்படியென்றால், பாட்டிலின் தோளுக்குக் கீழே மெழுகுவத்தியோ செல்போன் வெளிச்சமோ வைத்து, ஒரே சாய்ப்பில், நிறுத்தாமல், மெல்ல. நிறுத்தி நிமிர்த்தினால் வண்டல் திரும்பிக் கலங்கும். தோளில் கருநூல் மாதிரி ஒன்று ஊர்ந்து வரும், அங்கே நிறுத்துங்கள். 40 முதல் 60 மி.லி. அடியில் போகட்டும்.

1978-ஐக் குடிக்க உட்காரும்போதே இறுங்கள், முன்கூட்டி வேண்டாம். வயிறு அகன்ற டிகேன்டரும் வேண்டாம், காற்று அதிகம் படாத ஒடுக்கமான ஜாடி போதும்.

ஆறப்போடு

வண்டல் அண்ணன் சொன்னதில் கடைசிப் பத்தியோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகாது.

வயசு கூடினால் காற்றே ஆகாது என்பது எல்லாப் பாட்டிலுக்கும் பொருந்தும் விதி இல்லை. மயாகமாஸ் என்ற தயாரிப்பாளருடையது மாதிரி 70-களின் மலைக் கேபர்நேக்கள் திறந்த முதல் அரைமணி நேரம் ஊமையாகத்தான் இருக்கும், பேச இரண்டு மணி நேரம் ஆகும். நாற்பது வருஷம் மூடிக் கிடந்ததில் வரும் சிக்கு வாடையும் இருக்கும். அது காற்றில் போய்விடும். அவசரப்பட்டு முதல் மோப்பத்திலேயே கெட்டுவிட்டது என்று கொட்டியவர்கள் ஏராளம்.

எனவே நடைமுறையாக ஒன்று. தக்கையை எடுத்ததும் 20 மி.லி. மட்டும் கிளாஸில் விட்டுச் சுவையுங்கள். மணம் முழுசாக விரிந்து, நாக்கில் மெல்லியதாக இருந்தால் வண்டல் சொல்வதே சரி, உடனே குடியுங்கள். மூடிக்கொண்டு, துவர்ப்பும் புளிப்பும் முன்னால் நின்றால் பாட்டிலிலேயே ஒரு மணி நேரம் நிற்கட்டும், அரைமணிக்கு ஒருமுறை மறுபடி 20 மி.லி. சுவைத்துக்கொண்டு. இறுத்தபின் போன மணத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இறுக்காமல் காத்திருப்பதை எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம்.

மற்றவற்றுக்கு: 1994-க்கு டிகேன்டரில் ஒரு மணி நேரம். 2013-ஐ இப்போது திறந்தால் மூன்று, நான்கு மணி நேரம், அகன்ற டிகேன்டரில். அதை மென்மையாக இறுக்கத் தேவையில்லை, தலைகீழாகவே கவிழ்க்கலாம்.

குறை எது, முதிர்ச்சி எது என்று பிரிக்க மூக்குக்கு ஒரு குறிப்பு. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, ஈரக்கோணி வாடை என்றால் டி.சி.ஏ., தக்கை நோய். அது காற்றில் போகாது, நேரமாக ஆகக் கூடும். காத்திருப்பு அங்கே வீண். நெயில் பாலிஷ், காடி வாடை லேசாக இருந்தால் பழைய ஒயினில் பொறுத்துக்கொள்ளலாம், தொண்டையைக் கடித்தால் முடியாது. மாட்டுத்தொழுவம், பிளாஸ்திரி வாடை பிரெட்டானோமைசிஸ் என்ற ஈஸ்ட். கொஞ்சமாக இருந்தால் அதையே ரசிப்பவர்கள் உண்டு. வேகவைத்த உலர்பழம், கருகிய சர்க்கரை வாடை என்றால் சூட்டில் வெந்தது. தகடு புடைத்த உங்கள் 1997-இல் இதை எதிர்பார்க்கலாம். நீலகிரித் தைல வாசம் வந்தால் மட்டும் பயப்படாதீர்கள். அருகில் தைலமரம் நிற்கும் நாப்பா தோட்டங்களில் அந்த எண்ணெய் திராட்சைத் தோலில் படியும். ஹைட்ஸ் நிறுவனத்தின் மார்த்தாஸ் வினியார்ட் ஒயினின் புகழே அந்த வாசத்தில்தான் பாதி.

வண்டல்

20 மி.லி. சுவைத்துவிட்டு முடிவு செய்வது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர் கையில் இருப்பது மலைப்பழம் இல்லை, பி.வி. ரதர்ஃபோர்டுச் சமதளம். அதற்கு இரண்டு மணி நேரம் அதிகம்.

பதிமூன்று டிகிரி

சேமிப்புக் கேள்விக்கு யாரும் வரவில்லையே.

கராஜில் ஒயின் ஃப்ரிட்ஜ் வேண்டாம். தெர்மோஎலெக்ட்ரிக் (கம்ப்ரசர் இல்லாத) வகை வெளிவெப்பத்தைவிட 10, 12 டிகிரி மட்டுமே இறக்கும். கராஜ் 35 என்றால் உள்ளே 23, 25. அது நிலவறை இல்லை, வெறும் அலமாரி. கம்ப்ரசர் வகை சமாளிக்கும், ஆனால் பெரும்பாலானவை வீட்டு அறை வெப்பத்துக்கு என்று வடிவமைத்தவை, கோடை முழுக்க நிற்காமல் ஓடிச் சீக்கிரம் படுத்துவிடும். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வாங்கி வீட்டுக்குள் வையுங்கள், 55 ஃபாரன்ஹீட், அதாவது 13 டிகிரியில். பின்புறம் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள். பெட்டியில் 46 பாட்டில் என்று போட்டிருந்தால் அது ஒல்லி போர்தோ பாட்டில் கணக்கு. இன்றைய நாப்பாவின் கனத்த பாட்டில்கள் முப்பது நுழைந்தால் பெரிது.

உள்ளே வெப்பமானி வைப்பவர்கள் காற்றின் வெப்பத்தை அளந்துவிட்டு ஏறுகிறது இறங்குகிறது என்று கலங்குவார்கள். ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உணரியை அதற்குள் விடுங்கள். ஒயின் உணரும் வெப்பம் அதுதான், அது அவ்வளவு ஆடாது. கூடக்குறைய அரை டிகிரிக்காக மெனக்கெட வேண்டாம். 11-ஓ 15-ஓ நிலையாக இருந்தால் சரி.

ஈரப்பதம் 60, 70% போதும். 50-க்குக் கீழே வருஷக்கணக்கில் இருந்தால் தக்கையின் மேல்பாதி உலரும், 80-ஐத் தாண்டினால் லேபிள் பூஞ்சை பிடிக்கும். சமையலறைக் குளிர்ப்பெட்டி 4 டிகிரி, உலர்ந்த காற்று. சில வாரம் தாங்கும், வருஷங்களுக்கு ஆகாது. பாட்டில்களைப் படுக்க வையுங்கள், லேபிள் மேலே தெரியும்படி. அப்போது வண்டல் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று பிறகு தெரியும்.

ஃப்ரிட்ஜ் வாங்கும் வரை, தரைத்தளத்தில் வெளிச்சுவர் இல்லாத உள்அலமாரி. வருஷம் முழுக்க 21-ஐத் தாண்டாமல், நாளுக்கு நாள் ஆடாமல் இருந்தால் ஓராண்டு பாதகமில்லை. வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போகும் வெளி இருந்தால் அங்கே அதிகபட்சம் குறைந்தபட்சம் காட்டும் வெப்பமானியை ஒரு கோடை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஆறு பாட்டில்தான், கவலையே வேண்டாம் என்றால் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒயின் சேமிப்பு லாக்கர்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன.

இங்கே இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. தீ அபாய நாட்களில் மின்சாரத்தை நிறுத்தினால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய ஃப்ரிட்ஜ் மெதுவாகத்தான் சூடேறும், காலி இடத்தில் தண்ணீர் பாட்டில் அடுக்கி வைத்தால் இன்னும் மெதுவாக. இரண்டாவது, நிலநடுக்கம். 2014 ஆகஸ்ட் 24 அதிகாலை 6.0 அளவில் நாப்பா குலுங்கியபோது பீப்பாய் அடுக்குகளும் பாட்டில் அலமாரிகளும் சரிந்தன. திறந்த அலமாரி என்றால் சுவரின் மரச்சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்குங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு விளிம்புக்கட்டை.

ஆறப்போடு

பரிமாறும் வெப்பம் யாரும் சொல்லவில்லை. 16 முதல் 18 டிகிரி. 13-இல் இருந்து எடுத்தால் அரைமணியில் தானாக வந்துவிடும். வீட்டு அறை 24 என்றால் அது சூடு, பழைய ஒயினில் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும். கிளாஸில் ஒரு தடவைக்கு 60 மி.லி.-க்கு மேல் விட வேண்டாம்.

சாப்பாடு: 1978-க்கு முன்னால் மிளகாய் வேண்டாம். டானின் உதிர்ந்த ஒயினைக் காரம் ஒரே வாயில் அழித்துவிடும். உப்பும் கொஞ்சம் வெண்ணெயும் போட்டு வாட்டிய ஆட்டுக்கறி, காளான். மிளகுக் கறிதான் வேண்டுமென்றால் இளசான ஜின்ஃபண்டெல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அந்த 2001 அதற்கும் தாங்காது.

லிவர்மோர்வாசி

1978-ஐ இன்றே நிறுத்தி வைத்துவிட்டேன், சனிக்கிழமை திறக்கிறேன். ஒரு சின்னக் கேள்வி: குடிக்கப்போவது இரண்டு பேர்தான். பாதியை ஞாயிறுக்கு வைக்கலாமா? ஊசி குத்தி ஊற்றும் கருவி பயன்படுமா?

வண்டல்

ஊசிக் கருவி நெகிழ்வுள்ள தக்கைக்கு. ஊசியை எடுத்ததும் ஓட்டை தானாக மூட வேண்டும், 1978 தக்கையில் மூடாது, உடைந்து உள்ளே விழவும் செய்யும். ஞாயிறுக்கு வேண்டுமென்றால் 375 மி.லி. காலி பாட்டில் ஒன்றை அலசி உலர்த்தித் தயாராக வையுங்கள். இறுக்கும்போதே முதலில் அதை வாய் வரை நிரப்பி, தக்கை அடைத்து ஃப்ரிட்ஜில் படுக்க வைக்காமல் நிறுத்துங்கள். டிகேன்டரில் மிஞ்சியதை மறுநாளுக்கு வைப்பது வேறு, அது காலையிலேயே சப்பென்று ஆகியிருக்கும். நான்கு பேராகக் கூப்பிட்டுவிட்டால் இந்த வேலையே இல்லை.